நூத்தஞ்சு

வோல்டேஜ் பன்னிரண்டரைக்குக் கீழே இறங்கியதும் கனகலட்சுமி வலது காலை லேசாக அழுத்தினாள். இன்ஜின் உறுமியது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்த டேப்லெட் திரையில் எண் தயங்கித் தயங்கி ஏறி, பதின்மூன்றரையில் வந்து நின்றது. அவள் காலை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி இறங்கும்.

காரின் பானெட் இடுக்கிலிருந்து இரண்டு தடித்த வயர்கள் இறங்கி, செங்கல் மேல் வைத்திருந்த இன்வெர்ட்டருக்குப் போயின. அங்கிருந்து இன்னொரு வயர் சாமியானாவுக்கு அடியில் ஓடி, ஜன்னல் கம்பி வழியாக வீட்டுக்குள் நுழைந்து, ஐஸ் பெட்டியில் முடிந்தது. பெட்டிக்குள் அவள் புருஷன் முத்துப்பாண்டி படுத்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் பாத்ரூமில் விழுந்தவர். ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

செல்லூரில் இன்று மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். முகூர்த்த நாள் வேறு. சவுண்டு சர்வீஸ்காரர்களிடம் இருந்த ஜெனரேட்டர் எல்லாம் கல்யாண மண்டபங்களுக்குப் போய்விட்டன. ஐஸ் பார் வாங்கி வருகிறேன் என்று பைக்கை முறுக்கிக்கொண்டு கிளம்பிய சொந்தக்காரன் போனவன் போனவன்தான். மகள் சத்யப்ரியா கவுஹாத்தியிலிருந்து விமானம் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறாள். வீடு வந்து சேர அந்தி சாய்ந்துவிடும். அதுவரை அவளுடைய அப்பா முகம் அப்பா முகமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் இது நடக்கிற காரியமா என்று சாமியானாவுக்குள் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். கேட்டதோடு சரி. பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் பெட்டியின் கண்ணாடியில் உள்பக்கமாக நீர் கோத்தது. அதைப் பார்த்ததும் கொழுந்தன் கருத்தக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"மதினி, ராகுகாலத்துக்கு முன்ன எடுத்துருவோம். வெயில் ஏறிருச்சுன்னா தாங்காது."

"சத்யா மொகம் பாக்க வேணாமா?"

"வீடியோ கால்ல காட்டிருவோம் மதினி. இப்பல்லாம் அப்படித்தான். நம்ம சொந்தத்துலயே துபாய்ல இருந்துக்கிட்டு போன்லயே அப்பனக் கும்பிட்டு முடிச்சுக்கிட்டவன் இருக்கான்."

கனகலட்சுமி அவன் முகத்தைப் பார்த்தாள். அண்ணனைப் பற்றிய கவலை அதில் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினாள். பசிதான் தெரிந்தது. பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். எடுத்த பிறகுதான் சோறு. கருத்தக்கண்ணனுக்கு ராகுகாலம் வயிற்றில் ஓடிக்கொண்டிருந்தது.

"எம் மக வராம யாரும் பெட்டியத் தொடக்கூடாது தம்பி" என்றாள்.

அந்த நேரத்தில்தான் அடுத்த சந்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் நைனா முகமது இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற காரைக் காட்டினார்.

"இதுலருந்து இழுத்துக்கிருவோம்க்கா. ஆனா ஒரு ஆளு உள்ள உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும். வோல்டேஜ் எறங்குனா லேசா மிதிக்கணும். சூடு ஏறிருச்சுன்னா ஆஃப் பண்ணிரணும். கவனிக்காம விட்டா இன்ஜினும் போயிரும், பொட்டியும் நின்னுரும். நானே இருப்பேன், இன்னைக்கு ஜும்மா. அண்ணே மாதிரி இதயெல்லாம் பாக்க வேற யாருக்குத் தெரியும்?"

வேறு யாருக்குத் தெரியும்? அவளுக்குத்தான் தெரியும். விரும்பிப் படித்த படிப்பா அது?

முத்துப்பாண்டி பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். பையன்கள் பொசுக்கிய மீட்டர்களைக் கழற்றி மாட்டியே தலை நரைத்தவர். ரிட்டயரானதும் மற்ற ஆண்கள் கோயிலுக்குப் போவார்கள், பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். இவர் ஒரு பழைய டீசல் காரை வாங்கினார். ஆட்டோவே அழுதுகொண்டு திரும்புகிற செல்லூர்ச் சந்தில் கார். வாங்கினவர் ஓட்டவாவது செய்தாரா? தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாமானை வரவழைத்து ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினார். அது காரின் கம்ப்யூட்டரோடு பேசி, இன்ஜினுக்குள் நடக்கிறதையெல்லாம் டேப்பில் காட்டும். தண்ணீர்ச் சூடு, சுற்று, வோல்டேஜ், குடிக்கிற டீசல், இழுக்கிற காற்று. அன்றிலிருந்து அவருக்கு ரோடு தேவைப்படவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிப் பல்கலைக்கழகத்துப் பக்கம் போகும்போது ஒரு எருமையின் பின்பக்கத்தில் போய் முட்டப் பார்த்தார். எருமைதான் ஒதுங்கிப் போனது. அதற்கு இருந்த அறிவு.

அதற்குப் பிறகு கனகலட்சுமி ஒரு சட்டம் போட்டாள். அவர் ரோட்டைப் பார்க்க வேண்டும், திரையை அவள் பார்த்துச் சொல்வாள். உயிர் அவளுக்கும்தானே? அவர் அதற்குச் சந்தோஷமாகத் தலையாட்டினார். அப்புறம் எங்கே போனாலும் அவர் கேட்கிற ஒரே கேள்வி, "எம்புட்டு?" தண்ணீர்ச் சூட்டைப் பார்த்து அவள் சொல்கிற ஒரே பதில், "எண்பத்தொம்பது." தங்கச்சி வீட்டுக்குப் போகும்போதும் எண்பத்தொன்பது. கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போதும் எண்பத்தொன்பது. சேலை நன்றாக இருக்கிறதா, முட்டுவலி எப்படி இருக்கிறது, ஒரு வார்த்தை கிடையாது. மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சண்டையாவது போடுவார்கள். இங்கே ரீடிங் எடுத்தார்கள்.

கவுஹாத்தியில் பேங்க் வேலையில் இருக்கிற மகளுக்கும் அப்பாக்கள் அனுப்புகிற பூப்படம், காலை வணக்கம் எதுவும் போகாது. மைலேஜ் கோடு போட்ட படம்தான் போகும். அவளும் பாவம், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவாள்.

எரிச்சல் மண்டைக்கு ஏறுகிற நாட்களில் கனகலட்சுமி பொய் சொல்வாள்.

"ஏங்க! நூத்தஞ்சு ஆயிருச்சு! ஓரமா நிப்பாட்டுங்க!"

மனுஷன் பதறிக்கொண்டு காரை ஓரம் கட்டுவார். பிறகு தானே திரையைப் பார்ப்பார். எண்பத்தொன்பது இருக்கும். இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்து மூடுவார். பக்கத்தில் இளநீர்க் கடை இருந்தால் ஒன்று வெட்டச் சொல்லி அவளிடம் நீட்டுவார். ஒரு தடவை நுங்கு வாங்கிக்கொண்டு, விரலிடுக்கில் நீர் ஒழுக அவர் பே என்று நின்ற கோலத்தைப் பார்த்து அவள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். ஏமாந்தது கூட உறைக்காத மனுஷரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்றுதான் அப்போது நினைத்தாள். மண்டு, மண்டு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நுங்கைத் தின்றாள்.

இப்போது ஓட்டுகிறவரின் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த சீட்டில் உட்கார்வது இதுதான் முதல் தடவை. ஏசியைப் போட முடியாது. போட்டால் இருக்கிற பவரை அதுவே தின்றுவிடும். கண்ணாடியை இறக்கியும் அனல்தான் வந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் குளுகுளுவென்று உள்ளே படுத்திருக்கிறார், இவள் வெளியே வேகிறாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதே ஏற்பாடுதான்.

கேதத்துக்கு வந்தவர்கள் காரைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். ஒவ்வொருத்தரும் குனிந்து அவளைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தரும் ஒரே வசனத்தைத் தாங்களே புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொன்னார்கள்.

"காருக்குக் காய்ச்சல் பாத்த மனுசன், தன் நெஞ்சுக்கு ஒரு ஈசிஜி எடுத்துப் பாக்கலயேத்தா."

நாலாவது ஆள் சொன்னபோது கனகலட்சுமிக்கு மண்டை காய்ந்தது. இவர்களில் யார் ஈசிஜி எடுத்திருக்கிறார்கள்? சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு ஜிலேபி தின்கிற கூட்டம்.

சாமியானாவுக்குள்ளிருந்து நாத்தனார் தாமரைச்செல்வியின் குரல் வந்தது. ரகசியம் பேசுகிற பாவனையில் ஊருக்கே கேட்கும் குரல்.

"புருசன் உள்ள கெடக்காக. இவ கார்ல ஏசியப் போட்டு உக்காந்திருக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலயேடி. கல்லுடி, கல்லு."

கொஞ்ச நேரத்தில் தாமரைச்செல்வியே நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு கார்க் கதவைப் பிடித்து நின்றாள்.

"மதினி, நல்லாவா இருக்கு? கட்டுனவ தலமாட்டுல இல்லாம தெருவுல உக்காந்திருந்தா ஊரு என்ன பேசும்?"

"ஊரு வந்து மிதிக்குமா இத?"

"எங்க சின்னண்ணே பாத்துக்குருவாருல்ல. ஆம்பள இருக்கையில ஒனக்கென்ன இந்த வேல?"

கருத்தக்கண்ணன் அதற்குள் வந்துவிட்டான். "நீங்க போங்க மதினி, நான் பாத்துக்கிறேன். லாரியே ஓட்டுனவன் நான். இது என்ன பெரிய ராக்கெட்டா?"

அவள் திரையைக் காட்டினாள். "இது வோல்டேஜு. பன்னெண்டரைக்குக் கீழ போகவிடாதீங்க. இது சூடு. தொண்ணூத்தேழுல காத்தாடி சுத்தும், எறங்கிரும். நூறத் தாண்டுனா என்னயக் கூப்பிடுங்க."

"சரி, சரி" என்று அவன் தலையாட்டிய வேகத்திலேயே ஒன்றும் காதில் ஏறவில்லை என்பது தெரிந்தது. நாலு கை அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

உள்ளே தலைமாட்டில் உட்கார்ந்தாள். பெட்டி சீராக முனகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குக் கீழே அவர் முகம் நன்றாகத்தான் இருந்தது. மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. வாயைக் கட்டியிருக்கவே வேண்டியதில்லை. உயிரோடு இருந்தபோதே அது அதிகம் திறந்ததில்லை. வந்தவர்கள் மாலையைக் கண்ணாடி மேல் வைப்பதும், அடுத்தவர் முகம் பார்க்க வேண்டும் என்று யாரோ அதை உடனே எடுத்து வெளியே கொண்டுபோவதுமாக இருந்தார்கள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. காது முழுக்க வாசலில்தான் இருந்தது. இன்ஜின் சத்தம் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. மிதிப்பதும் விடுவதுமாக இருந்தால் அப்படிக் கேட்காதே என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் வந்தது.

"ஏங்க! நூத்தஞ்சு ஆயிருச்சு! ஓரமா நிப்பாட்டுங்க!"

தெருவிலிருந்து, காரின் ஸ்பீக்கரில், சந்து முழுக்கக் கேட்கும்படி வந்தது. அவளுடைய குரல். அதைத் தொடர்ந்து அவளுடைய சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்துச் சிரிக்கிற சிரிப்பு.

ஒப்பாரி நின்றுவிட்டது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கனகலட்சுமியின் வாயைப் பார்த்தார்கள். அது மூடியிருந்தது.

"ஏங்க! நூத்தஞ்சு ஆயிருச்சு! ஓரமா நிப்பாட்டுங்க!" மறுபடி அதே சிரிப்பு. நுங்கு தின்ற நாளின் சிரிப்பு. ரோட்டைப் படம்பிடிக்க அந்த டேப்பின் கேமராவைத்தான் அவர் ஓடவிட்டிருப்பார். அதிலிருந்து வெட்டி எடுத்து, சூடு நூறைத் தாண்டினால் அடிக்கிற மணியாக வைத்திருக்கிறார். அவள் கூட இருக்கும்போது அதை அணைத்துவிடுவார் போலிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

எழுந்து ஓடினாள். முந்தானையைப் பிடித்த ஒரு கையைத் தட்டிவிட்டாள்.

காருக்குள் யாரும் இல்லை. ஆக்சிலேட்டர் மேல் ஒரு அரைச் செங்கல் கிடந்தது. லாரி ஓட்டின மூளை. திரையில் நூற்றிரண்டு சிவப்பாக மின்னியது. முன்பக்கம் போய்ப் பார்த்தாள். உள்ளேயிருந்து எடுத்துவந்த மாலைகளைப் போட இடம் இல்லை என்று எல்லாவற்றையும் கார் மேலேயே குவித்து வைத்திருந்தார்கள். ரோஜா மாலை, சம்பங்கி மாலை, ஆளுயர மாலை. பானெட்டிலிருந்து சரிந்து வலைக்கம்பி முழுக்க அடைத்துக்கொண்டு தொங்கின. மூச்சுவிட ஓர் ஓட்டை இல்லை. உள்ளே காத்தாடி வெறுமனே அலறிக்கொண்டிருந்தது.

அவள் மாலைகளை வாரினாள். கை கொள்கிற மட்டும் வாரிச் சாக்கடைப் பக்கம் எறிந்தாள். நார் அறுந்து பூ சிதறியது.

"அடி பாவி, பொணத்து மாலையச் சாக்கடையில போடுறாளே!" தாமரைச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "இவளுக்குப் புத்தி பெரண்டு போச்சு!"

"ஏங்க! நூத்தஞ்சு ஆயிருச்சு!" என்று ஸ்பீக்கர் அவளுக்கு மேல் கத்தியது.

கனகலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி மாலையையும் பிய்த்து எறிந்துவிட்டு, உள்ளே குனிந்து செங்கல்லை எடுத்து வெளியே போட்டாள். சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இன்ஜினை நிறுத்தலாமா? நிறுத்தினால் பெட்டி நிற்கும், மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்று என்ன நிச்சயம்? மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தாள். நூற்றுமூன்று. நூற்றுமூன்று. அங்கேயே நின்றது. வேர்வை கண்ணுக்குள் இறங்கிக் கரித்தது.

"எறங்கித் தொலயேன்" என்றாள்.

நூற்றிரண்டு. நூறு. குரல் நின்றது. தொண்ணூற்றாறுக்கு வந்ததும் அவள் மறுபடி காலை மெல்ல வைத்தாள்.

கருத்தக்கண்ணன் சந்து முனையிலிருந்து நிதானமாக நடந்து வந்தான். மீசையில் சால்னா எண்ணெய் மின்னியது.

"என்ன மதினி, நான்தான் கல்லு வச்சுட்டுப் போனேன்ல?"

அண்ணன் உள்ளே கிடக்கும்போது பரோட்டா தின்றுவிட்டு வந்த மனிதனிடம் என்ன பேசுவது? அவள் கண்ணாடியை ஏற்றினாள். அப்புறம் அந்தி வரைக்கும் அவளைக் காரிலிருந்து இறங்கச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. தொழுகை முடித்துத் திரும்பிய நைனா முகமது மட்டும் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொல்லி ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, இன்வெர்ட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வரும் என்ற கரண்ட் வரவில்லை. சத்யப்ரியா வந்துவிட்டாள். பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். "அப்பா" என்று அவள் போட்ட சத்தத்தைக் காரில் இருந்தபடியே கனகலட்சுமி கேட்டாள். அப்பா என்று கூப்பிடும்படிதான் முகம் இருந்திருக்கிறது. அது போதும்.

வெகுநேரம் கழித்து மகள் வெளியே வந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"கார்லருந்து சத்தம் கேட்டுச்சாம்ல. அத்த சொல்லி அழுகுறாக."

"நீ கேட்டிருக்கியா அத?"

"அப்பா எனக்கு அனுப்பியிருக்காரும்மா. 'ஒங்கம்மா பொய் சொல்றா, கேளு'ன்னு எழுதியிருந்தாரு. தனியா போறப்ப அதத்தான் போட்டுக்கிருவாராம்."

கனகலட்சுமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கூறுகெட்ட மனுசன்" என்றாள். வோல்டேஜ் இறங்கியது. வலது காலை லேசாக அழுத்தினாள்.

சங்கு ஊதினார்கள். பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டுவதும், அவளுக்குச் செய்ய வேண்டிய சடங்குகளும் அடுத்தடுத்து நடந்தன. எல்லோரும் சொன்னபடி உட்கார்ந்தாள், எழுந்தாள், சுற்றி வந்தாள். தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டின நிமிஷத்தில் வீட்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தன. கூடத்து ஃபேன் வெறும் கூடத்தில் சுற்றத் தொடங்கியது. இதைவிட ஒரு கேலி வேண்டுமா?

சொர்க்கரதம் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றிருந்தது. ஆண்கள் அதுவரை தோளில் கொண்டுபோனார்கள். பெண்கள் பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டார்கள். கார் அப்போதும் உறுமிக்கொண்டேதான் இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கனகலட்சுமி இடதுபக்கக் கதவைத் திறந்து, தன்னுடைய வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. புறங்கையால் தட்டிவிட்டாள். கண்ணாடிக்கு முன்னால், சந்து முனையில், ரதத்தின் பின்கதவை மூடினார்கள். ஒரு சரவெடி வெடித்தது. வண்டி கிளம்பியது.

திரையில் எண்பத்தொன்பது.

"நூத்தஞ்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "ஏங்க, நூத்தஞ்சு ஆயிருச்சு" என்றாள்.

வண்டி மெயின் ரோட்டில் ஏறி வலதுபக்கம் திரும்பியது. அவள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.